கருமாத்தூரா, திருவேடகமா, உத்தமபாளையமா? பிளஸ் டூ முடித்த பிள்ளைக்கு ஒரு சிறிய சமயக் கல்லூரி

மே மாதம் பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் உசிலம்பட்டி, சோழவந்தான், தேனிப் பக்கத்துப் பெற்றோர் என்னைப் போன்ற பள்ளி ஆசிரியர்களிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "சார், மதுரையில பெரிய காலேஜ் எதுலயும் சீட் கிடைக்கிற மாதிரி தெரியல. கருமாத்தூர்ல ஃபாதர் காலேஜ்ல போட்டுடலாமா, இல்ல திருவேடகத்துல ஹாஸ்டல்ல விட்டுடலாமா?" இதற்குள் இன்னொரு கேள்வியும் இருக்கும், அதை வாய்விட்டுக் கேட்கத் தயங்குவார்கள்: அங்கே போனால் பிள்ளையை அவர்கள் மதத்துக்கு இழுத்துவிடுவார்களா, அல்லது நம் மதம் இல்லை என்று ஒதுக்கி வைப்பார்களா?

இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அந்தப் பயத்திலேயே நல்ல கல்லூரிகளைத் தவறவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். நம் நாட்டு அரசியல் சட்டத்தின் 28(3) பிரிவு தெளிவாகச் சொல்கிறது: அரசு அங்கீகாரமோ அரசு நிதியோ பெறும் கல்வி நிறுவனத்தில் படிக்கும் யாரையும் அவருடைய சம்மதம் இல்லாமல், 18 வயது ஆகாதவர் என்றால் காப்பாளர் சம்மதம் இல்லாமல், சமய போதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ளக் கட்டாயப்படுத்த முடியாது. 29(2) பிரிவின்படி, அரசு உதவி பெறும் கல்லூரி மதத்தையோ சாதியையோ மட்டும் காரணம் காட்டி ஒருவருக்கு இடம் மறுக்கவும் முடியாது. சரி, சட்டம் அப்படி. நடைமுறையில் கவனிக்க வேண்டியது 'சம்மதம்' எங்கே வாங்கப்படுகிறது என்பதைத்தான். பிளஸ் டூ முடிக்கும் பிள்ளைக்குப் பெரும்பாலும் 17 வயது. விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்தில், விடுதி விதிகளை ஏற்கிறேன் என்ற வரிக்குக் கீழே அப்பாவோ அம்மாவோ போடுகிற கையெழுத்துதான் அந்தச் சம்மதம். அதைப் படிக்காமல் போட்டுவிட்டு, பிறகு பையன் "தினமும் பிரேயருக்குப் போகச் சொல்றாங்க" என்று போன் செய்யும்போது கோபப்படுவதில் பயனில்லை. விதித்தாளை வீட்டுக்குக் கொண்டுவந்து, பிள்ளையோடு உட்கார்ந்து முழுக்கப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

இந்தப் பகுதியில் நான் ஒப்பிடப்போவது ஐந்து ஊர்களின் கல்லூரிகளை. கருமாத்தூர் அருளானந்தர் கல்லூரி, திருவேடகம் மேற்கு விவேகானந்த கல்லூரி, உத்தமபாளையம் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹவுதியா கல்லூரி, பழனியில் தேவஸ்தானம் நடத்தும் கல்லூரிகள், பெண்களுக்கு மட்டுமான பெரியகுளம் ஜெயராஜ் அன்னபாக்கியம் கல்லூரி. மதுரை நகரத்திலுள்ள அமெரிக்கன் கல்லூரி (1881), லேடி டோக் (1948), பாத்திமா (1953) ஆகியவையும் சமயப் பின்னணி உள்ளவைதான், ஆனால் அவை சிறியவை அல்ல, அங்கே போட்டியும் வேறு, அதனால் இங்கே சேர்க்கவில்லை.

ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டால் குழப்பம் பாதி தீரும். கருமாத்தூரில் பி.எஸ்சி. முடித்தாலும் திருவேடகத்தில் முடித்தாலும் உத்தமபாளையத்தில் முடித்தாலும் பட்டம் தருவது மதுரை காமராசர் பல்கலைக்கழகம்தான். பெரியகுளத்திலும் பழனி மகளிர் கல்லூரியிலும் கொடைக்கானல் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம். டி.என்.பி.எஸ்.சி. தேர்விலோ பி.எட். சேர்க்கையிலோ உங்கள் கல்லூரியை நடத்துவது சாமியாரா, ஃபாதரா, ஜமாத்தா, கோயிலா என்று யாரும் பார்க்கப்போவதில்லை. வித்தியாசமெல்லாம் வகுப்புக்கு வெளியே இருக்கிறது. காலையில் எத்தனை மணிக்கு எழுப்புவார்கள், என்ன சாப்பிடக் கொடுப்பார்கள், வார இறுதியில் ஊருக்கு விடுவார்களா, ஒரு பிரச்சினை என்றால் பையன் யாரிடம் போய் நிற்பான் என்பதெல்லாம்தான் வித்தியாசம். சிறிய கல்லூரியில் இதன் எடை இன்னும் அதிகம். பெரிய கல்லூரியில் ஒரு வார்டனுக்குப் பிடிக்காவிட்டால் கூட்டத்தில் கரைந்துவிடலாம், சிறிய கல்லூரியில் முதல்வர் முதல் வாட்ச்மேன் வரை பிள்ளையை அடையாளம் தெரியும். அது பாதுகாப்பு, சில பிள்ளைகளுக்கு மூச்சுமுட்டலும்கூட.

திருவேடகத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த ஐந்தில் மிகத் தனித்து நிற்பது அதுதான். சுவாமி சித்பவானந்தர் 1942-ல் திருச்சிப் பக்கம் திருப்பராய்த்துறையில் ஸ்ரீ ராமகிருஷ்ண தபோவனத்தைத் தொடங்கினார், அந்தத் தபோவனம் 1971-ல் வைகைக் கரையில் தொடங்கியதுதான் இந்த விவேகானந்த கல்லூரி. பேலூரைத் தலைமையாகக் கொண்ட ராமகிருஷ்ண மிஷனும் இதுவும் ஒன்று என்று பலர் நினைக்கிறார்கள், நிர்வாகம் வேறு வேறு. ஆண்களுக்கு மட்டுமான கல்லூரி, தன்னாட்சி பெற்றது, அரசு உதவி பெறுவது. தங்கிப் படிப்பதுதான் இதன் அடிப்படை, குருகுலம் என்றே தங்களைச் சொல்லிக்கொள்கிறார்கள். விடிவதற்கு முன் எழுவது, கூட்டு வழிபாடு, யோகா, குறித்த நேரத்தில் படிப்பு, சைவச் சாப்பாடு என்று நாள் முழுக்க ஒரு ஒழுங்குக்குள் ஓடும். சில படிப்புகளுக்கு வீட்டிலிருந்து வந்துபோக இடம் இருக்கிறதா என்பதை அந்தந்த ஆண்டு கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இங்கே யாரைச் சேர்க்கலாம்? வீட்டில் படிக்க இடமும் அமைதியும் இல்லாத பையன், செல்போனிலிருந்து விடுபட முடியாமல் அதை நினைத்துத் தானே வருத்தப்படுகிற பையன், போட்டித் தேர்வுக்கு மூன்று ஆண்டும் ஒரு சீராகப் படிக்க வேண்டும் என்று நினைக்கிறவன், இவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் இந்தச் சுற்றுவட்டாரத்தில் எனக்குத் தெரிந்து இல்லை. ஆனால் "இவன் அடங்கமாட்டேங்கிறான், அங்க விட்டாத்தான் சரிப்படுவான்" என்று தண்டனைபோல் கொண்டுபோய்ச் சேர்ப்பதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். விருப்பமில்லாதவனுக்கு அந்த நாளொழுங்கு ஒவ்வொரு மணி நேரமும் வலிக்கும், நடுவில் டி.சி. வாங்கிக்கொண்டு வந்தால் ஒரு ஆண்டு போகும், அதைவிடப் படிப்பின் மேலேயே வெறுப்பு வரும். சேர்ப்பதற்கு முன் பையனை ஒரு முறை அங்கே அழைத்துப்போய், வழிபாட்டு நேரத்தையும் சாப்பாட்டு நேரத்தையும் கண்ணால் பார்க்க வையுங்கள், அப்புறம் அவனே சொல்லட்டும். வேறு மதத்துப் பிள்ளை என்றால் வழிபாட்டைப் பற்றி நிர்வாகத்திடம் நேராகவே கேட்டுவிடுங்கள், கேட்பதில் தப்பே இல்லை.

கருமாத்தூர் வேறு உலகம். மதுரையிலிருந்து உசிலம்பட்டி போகும் சாலையில் செக்கானூரணி தாண்டி வரும் ஊர். இயேசு சபையினர் 1970-ல் தொடங்கிய கல்லூரி, அதாவது சென்னை லயோலா, திருச்சி புனித ஜோசப், பாளையங்கோட்டை புனித சேவியர் கல்லூரிகளை நடத்தும் அதே சபை. பெயர் 1693-ல் ஓரியூரில் கொல்லப்பட்ட இயேசு சபைக் குரு அருளானந்தருடையது (ஜான் டி பிரிட்டோ). ஆண்களும் பெண்களும் சேர்ந்து படிக்கிறார்கள், தன்னாட்சி உண்டு, பஸ்ஸில் வந்துபோகும் பிள்ளைகள் நிறைய. நான் சொன்ன அந்த மூன்றும் நகரத்துக் கல்லூரிகள், இது வேண்டுமென்றே கிராமத்தில் வைக்கப்பட்டது. அது பாடத்திட்டத்திலேயே தெரியும்: கிராம மேம்பாட்டு அறிவியல் என்று ஒரு பட்டப் படிப்பு இங்கே உண்டு, மற்ற கலை அறிவியல் கல்லூரிகளில் லேசில் கிடைக்காதது. தத்துவத் துறையும் இருக்கிறது, தமிழ்நாட்டில் இளங்கலையில் தத்துவம் சொல்லிக்கொடுக்கும் இடங்கள் குறைவு.

கிராம மேம்பாடு என்றதும் "அதுக்கு என்ன வேலை கிடைக்கும்?" என்று கேட்பார்கள். தொண்டு நிறுவனங்கள், வங்கிகளின் ஊரக வேலைகள், சுய உதவிக் குழுக்களோடு இயங்கும் அரசுத் திட்டங்கள் என்று வழிகள் இருக்கின்றன. எந்தப் பட்டமும் கேட்கும் டி.என்.பி.எஸ்.சி. தேர்வுகளுக்கும் தடையில்லை. ஆனால் பி.எட். முடித்துப் பள்ளி ஆசிரியராக வேண்டும் என்பதுதான் குறிக்கோள் என்றால் இந்த மாதிரித் தனிப்பட்ட பாடத்தை எடுப்பதற்கு முன் அது பி.எட். சேர்க்கைக்கு ஏற்கப்படுகிறதா என்று விசாரித்துக்கொள்ள வேண்டும். கணிதம், இயற்பியல், தமிழ், ஆங்கிலம் போன்றவற்றில் அந்தக் கவலை இல்லை.

கிறித்தவக் கல்லூரிகளில் பொதுவான வழக்கம், கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி, மற்றவர்களுக்கு அறநெறி வகுப்பு என்று நேரத்தைப் பிரிப்பது. மதம் மாற்றிவிடுவார்களோ என்று பயப்படுகிற பெற்றோரிடம் நான் சொல்வது இதுதான்: தமிழ்நாட்டுக் கிறித்தவக் கல்லூரிகளில் நூறாண்டுக்கும் மேலாக இந்துப் பிள்ளைகள் படித்து, இந்துக்களாகவே வெளியே வந்து, தங்கள் பிள்ளைகளையும் அங்கேயே சேர்த்திருக்கிறார்கள். நீங்கள் கவலைப்பட வேண்டியது வேறு விஷயத்துக்கு. சாதி. நம் பகுதியைப் பற்றி நமக்குத் தெரியாதா? இயேசு சபையினர் தலித் பிள்ளைகளுக்கும் முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்கும் முன்னுரிமை என்பதைத் தங்கள் கொள்கையாகவே சொல்கிறார்கள், அது நல்லது. ஆனால் எந்தக் கல்லூரியிலும் வாசலில் இருக்கும் சிலுவையோ பிறையோ வேலோ, விடுதி அறைகளிலும் பஸ் ஸ்டாப்பிலும் பிள்ளைகள் எப்படிக் குழு சேர்கிறார்கள் என்பதைத் தானாக மாற்றிவிடாது. கைக்கயிறு கட்டிக்கொண்டு வரலாமா, சாதிச் சண்டை வந்தால் என்ன நடவடிக்கை, விடுதியில் அறை யார் ஒதுக்குகிறார்கள் என்று கேளுங்கள். நான் ஒரு மாணவிக்காக விசாரிக்கப் போன ஒரு கல்லூரியில் (பெயர் வேண்டாம்) இந்தக் கேள்வியைக் கேட்டதும் முகம் மாறிப் பேச்சையே வெட்டினார்கள். அந்தப் பெண்ணை அங்கே சேர்க்க வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவிட்டேன்.

சிறுபான்மைக் கல்லூரி என்பதன் சட்டப் பொருளையும் புரிந்துகொள்ளுங்கள். அரசியல் சட்டத்தின் 30(1) பிரிவு மதச் சிறுபான்மையினருக்குக் கல்வி நிறுவனம் தொடங்கி நடத்தும் உரிமை தருகிறது. கருமாத்தூர், பெரியகுளம், உத்தமபாளையம் இந்த வகை. அங்கே இடங்களில் ஒரு பங்கு அந்தச் சமூகத்துப் பிள்ளைகளுக்குப் போகும். திருவேடகமும் பழனியும் அப்படியல்ல. ராமகிருஷ்ண இயக்கத்தைத் தனி மதச் சிறுபான்மையாகக் கருத முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே ஒரு மேற்கு வங்க வழக்கில் சொல்லிவிட்டது. அதனால் இந்த இரண்டிலும் அரசு உதவி பெறும் பிரிவில் 69 சதவீத இட ஒதுக்கீட்டு முறைதான். எம்.பி.சி. பிரிவில் நடுத்தர மதிப்பெண் வைத்திருக்கிற பையனுக்கு இந்த வித்தியாசம் சீட்டையே தீர்மானிக்கலாம்.

இதோடு சேர்ந்த ஒரு கடினமான விஷயம், ஆனால் சொல்லாமல் விட முடியாது. சிறுபான்மை ஒதுக்கீட்டில் சேர பங்குத் தந்தையின் கடிதமோ ஞானஸ்நானச் சான்றிதழோ கேட்பார்கள். இந்து ஆதிதிராவிடர் என்று சாதிச் சான்றிதழ் வைத்துக்கொண்டு தேவாலயத்துக்குப் போகும் குடும்பங்கள் நம் பக்கம் உண்டு. 1950-ம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்து, சீக்கிய, பௌத்த மதத்தவர் மட்டுமே பட்டியல் சாதியினர், கிறித்தவராக மாறினால் தமிழ்நாட்டில் பி.சி. 2024 நவம்பரில் புதுச்சேரியைச் சேர்ந்த ஒரு பெண்ணின் வழக்கில், கிறித்தவ நம்பிக்கையைப் பின்பற்றிக்கொண்டே வேலைக்காகப் பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்பதை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. ஒரு சீட்டுக்காக இன்று கொடுக்கும் ஞானஸ்நானச் சான்றிதழ் பிள்ளையின் ஆவணத்தில் நிற்கும், நாளை அரசு வேலைக்குப் போகும்போது இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். இந்தச் சட்டம் நியாயமா என்று கேட்டால் இல்லை என்பதுதான் என் பதில், மதம் மாறியதால் யாருக்கும் ஊரில் சாதி போய்விடவில்லை. ஆனாலும் 17 வயதுப் பிள்ளையை அந்த ஆபத்தில் நிறுத்தக் கூடாது. உதவித்தொகைக்காக என்றால், கிறித்தவ மதம் மாறிய ஆதிதிராவிடர் பிள்ளைகளுக்கும் மாநில அரசின் கல்வி உதவித்தொகை உண்டு, அதற்கு மறைக்க வேண்டியதில்லை.

உத்தமபாளையம் ஹவுதியா கல்லூரி கம்பம் பள்ளத்தாக்குக்கு வந்த வரம். 1956-ல், இன்றைய தேனி மாவட்டம் மதுரையோடு இருந்த காலத்தில், கல்லூரி என்றால் மதுரை போன்ற வெளியூருக்குப் போக வேண்டியிருந்த நேரத்தில் ஒரு முஸ்லிம் குடும்பத்தின் கொடையால் வந்தது. முல்லைப் பெரியாற்றுப் பாசன ஊர்களிலிருந்தும் ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போகும் குடும்பங்களிலிருந்தும் வந்து முதல் பட்டதாரியானவர்கள் எத்தனையோ பேர். கூடலூர், கம்பம், சின்னமனூர் பக்கத்துப் பிள்ளைக்கு வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வர முடியும் என்றால் நான் வேறெதையும் யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன். விடுதிச் செலவு மிச்சம், மூன்று ஆண்டுக்கு அது பெரிய தொகை. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்கு ஏற்றபடி நேரம் இருக்கும், பஸ்ஸைப் பார்த்துத் திட்டமிடுங்கள், அவ்வளவுதான். முஸ்லிம் கல்லூரியில் இந்துப் பெண்ணைச் சேர்க்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு, அந்த ஊரிலேயே முன்னாள் மாணவிகள் இருப்பார்கள், அவர்களிடம் கேளுங்கள், என்னைவிட அவர்கள் நன்றாகச் சொல்வார்கள்.

பழனியில் நடத்துவது தண்டாயுதபாணி சுவாமி கோயில். ஆண்டவர் உண்டியல் பணத்தில் கலை பண்பாட்டுக் கல்லூரியும், சின்னக்கலையம்புத்தூரில் மகளிர் கல்லூரியும் நடக்கின்றன. மேலே இருப்பது இந்து சமய அறநிலையத் துறை, அதாவது அரசு அதிகாரிகள். அதனால் இங்கே சமய ஒழுங்கு என்று திருவேடகத்தைப் போல எதையும் எதிர்பார்க்காதீர்கள், அரசுக் கல்லூரியின் சாயல்தான் அதிகம். கோயிலின் கல்வி நிறுவனங்களில் படிக்கும் பிள்ளைகளுக்கு 2022 நவம்பரிலிருந்து காலைச் சிற்றுண்டி கொடுக்கிறார்கள். காலை ஆறு மணிக்கே பஸ் ஏறும் கிராமத்துப் பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்பது வகுப்பில் பசியோடு தூங்கும் பிள்ளைகளைப் பார்த்த ஆசிரியருக்குத் தெரியும். கோயில் பணத்தில் கல்லூரி எதற்கு என்று அரசியலில் பேசுகிறவர்கள் அந்த வரிசையில் ஒரு நாள் வந்து நிற்க வேண்டும்.

பெரியகுளம் ஜெயராஜ் அன்னபாக்கியம் கல்லூரி 1971-லிருந்து கத்தோலிக்கக் கன்னியர்கள் நடத்துவது. பெண்களை வெளியூருக்கு அனுப்பத் தயங்கும் வீடுகள் "சிஸ்டர்ஸ் காலேஜ்னா சரி" என்று சம்மதிப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன், இந்த ஒரு காரணத்துக்காகவே அது ஆயிரக்கணக்கான பெண்களுக்குக் கதவாக இருந்திருக்கிறது. விடுதிக் கட்டுப்பாடு அதிகம்தான். ஆனால் கல்யாணமா கல்லூரியா என்று நிற்கிற பெண்ணுக்கு முதலில் வேண்டியது கல்லூரி. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண் என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும், தனியார் சமயக் கல்லூரி என்பதால் நின்றுவிடாது. ஆண்களுக்கு 2024-லிருந்து தமிழ்ப் புதல்வன் திட்டம்.

எந்தக் கல்லூரியானாலும் பணத்தைத் தீர்மானிப்பது மதம் அல்ல, 'எய்டடா, எஸ்.எஃப்-ஆ' என்பதுதான். ஒரே வளாகத்தில், ஒரே பாடத்துக்கு, அரசு உதவி பெறும் பிரிவும் சுயநிதிப் பிரிவும் இருக்கும், கட்டணம் பல மடங்கு வித்தியாசப்படும். சிறிய கல்லூரியில் ஒரு துறையில் நாலைந்து ஆசிரியர்கள்தான், அதில் இரண்டு பணியிடம் காலி என்றால் பாதிப் பாடம் ஓடாது. அதனால் "இந்தத் துறையில நிரந்தர ஆசிரியர் எத்தனை பேர், யார் எப்போ ரிட்டயர் ஆகிறாங்க?" என்று கேளுங்கள். கல்லூரிகளின் தரத்தை மதிப்பிட்டு கிரேடு தரும் நாக் குழுவுக்குக் கல்லூரி கொடுத்த சுய ஆய்வு அறிக்கை பெரும்பாலும் அவர்கள் இணையதளத்திலேயே இருக்கும், கிரேடை மட்டும் பார்க்காமல் அந்த அறிக்கையில் ஆசிரியர் பட்டியலையும் இடைநிற்றல் கணக்கையும் பாருங்கள்.

என் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். தானே விரும்பிப் போகிற பையனுக்குத் திருவேடகம். வீட்டிலிருந்து படிக்க வேண்டியவர்களுக்கும், கேள்வி கேட்கிற குணமுள்ள பெண் பிள்ளைகளுக்கும் கருமாத்தூர், எய்டடு சீட் கிடைத்தால் இரட்டை மகிழ்ச்சி. பள்ளத்தாக்குக்காரர்களுக்கு உத்தமபாளையம். செலவுதான் முதல் பிரச்சினை என்றால் பழனி. கருமாத்தூரில் சுயநிதி சீட்டும் பழனியில் எய்டடு சீட்டும் ஒன்றாகக் கையில் இருந்தால் நான் பழனியையே சொல்வேன், மிச்சமாகும் பணம் பி.எட்.டுக்கோ எம்.எஸ்சி.க்கோ உதவும்.

இன்னொன்று. அரசுக் கல்லூரிகளுக்கான பொது இணைய விண்ணப்பத்தைப் போட்டுவிட்டு, எல்லாக் கல்லூரிக்கும் சேர்த்துப் போட்டாயிற்று என்று இருந்துவிடுகிறார்கள். மேலே சொன்ன எதற்கும் அது செல்லாது, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டும், சில இடங்களில் ரிசல்ட் வருவதற்கு முன்பே படிவம் கொடுக்கத் தொடங்கிவிடுவார்கள். சேர்ந்த பிறகு மனம் மாறினால், அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்துவைக்கக் கூடாது, எவ்வளவு நாளில் விலகினால் எவ்வளவு கட்டணம் திரும்பத் தர வேண்டும் என்று யு.ஜி.சி. 2018-ல் விதி போட்டிருக்கிறது. மார்க் ஷீட்டையும் டி.சி.யையும் கொடுக்கும் முன் ஐந்தாறு நகல் எடுத்து, ஸ்கேன் செய்து அம்மா போனிலும் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.